பதினேழாம் போர்ட்டில் பச்சை விளக்கு

நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டே முக்கால். பாண்டி பஜார்.

பகலில் ஊசி விழ இடமிருக்காது அங்கே. அந்த நேரத்தில்... ஓர் ஆள் இல்லை. ஜவுளிக்கடை வாசல் பொம்மைகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தி, கழுத்தில் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஈரக்காற்று அடிக்கும்போது துணி உள்ளே ஒட்டும். பிறகு உப்பும். மூச்சு விடுகிற மாதிரி. அந்த வரிசையைத் தாண்டி ஒற்றை பைக் போகிறது. ஓட்டுகிறவன் கதிரேசன். பின்னால் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அறிவு.

நம் அறிவுதான். போன தீபாவளிக்கு இதே மொட்டை மாடிக்கு வந்து பிரியாணியில் பாதியைக் காலி செய்துவிட்டு, உப்பு கம்மி என்றானே, அவன். கதிரேசன் அவனுடைய அக்கா புருஷன். இந்தச் சங்கதியை அறிவு என்னிடம் ஒரே தடவைதான் சொன்னான். இன்னொரு தடவை கேட்டதற்கு எழுந்து போய்விட்டான். கரண்ட் வர எப்படியும் நேரமாகும். நெருங்கி உட்காருங்கள். செல்போன் வெளிச்சம் வேண்டாம்.

இரண்டு பேரும் போனது ‘மாங்கல்ய சாகரம்’ ஆபீசுக்கு. வரன் பார்த்துத் தருகிற கம்பெனி. தி.நகரில் ஒரு சந்துக்குள் ஐந்து மாடிக் கட்டடம். வாசலில் பளிங்குப் பிள்ளையார். அவருக்குத் தனி ஏசி. இரண்டாம் மாடியில் ஓர் அறை, அந்த அறையில் நான்கு பெரிய இயந்திரங்கள், அவற்றுக்குள் நாற்பது லட்சம் ஜாதகங்கள். நட்சத்திரம், கோத்திரம், உட்பிரிவு, உட்பிரிவுக்குள் உட்பிரிவு... எல்லாம். எந்த ஜாதகம் யாரிடம் இருக்கிறது என்று நான்கும் ராப்பகலாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சு போய்வருகிற நாற்சந்திதான் ஸ்விட்ச். சுவரில் தட்டுகிற ஸ்விட்ச் இல்லை. தட்டையான இரும்புப் பெட்டி. முகம் முழுக்க வரிசையாகத் துளைகள், போர்ட் என்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கேபிள், பக்கத்தில் ஒரு குட்டி விளக்கு. இப்படி இரண்டு பெட்டி வைத்திருப்பார்கள். ஒன்று போனாலும் மற்றது தாங்கும். கல்யாணத்தைப் பற்றி அந்தக் கம்பெனி விளம்பரமும் இதையேதான் சொல்லும்.

நாற்பது லட்சம் பேருக்குப் பத்துப் பொருத்தம் பார்த்த அந்த அறையிலேயே ஒரு விபரீதம் நடந்தது. இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட கதிரேசனும், கேபிள் போட வந்த அன்புக்கரசியும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவன் கோடம்பாக்கம் லைட்மேன் மகன். அவள் பட்டினப்பாக்கத்து மீனவப் பெண், அவன் தோளுக்கும் எட்டமாட்டாள். ரிஜிஸ்டர் ஆபீஸ், இரண்டு மாலை, அறிவு சாட்சிக் கையெழுத்து. ஜாதகம் என்று ஒரு காகிதம்கூட அங்கே இல்லை. மேலிடம் நடுங்கிப்போய்விட்டது. வெளியே தெரிந்தால் வியாபாரம் என்ன ஆவது? கம்பெனி பேர் போடாமல் ஒரு குத்துவிளக்கு அனுப்பி வைத்தார்கள்.

நாலாவது மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றான் கதிரேசன். நர்ஸ் ஒருத்தி வந்து, “உங்களத்தான் சார் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. வாய் ஓயல. ஆனா உள்ள விடமாட்டாங்க” என்றாள். அவன் கண்ணாடியில் நெற்றியை வைத்து, “இங்கதான் இருக்கேன் அன்பு” என்றான். கண்ணாடியில் மூச்சுதான் படிந்தது. விடிவதற்குள் உள்ளே கூப்பிடுவது நின்றுபோயிற்று.

துக்கத்துக்கு வந்த ஆபீஸ் அம்மாள் ஒருவர், “ஒரு பொருத்தமாவது பாத்திருக்கலாம்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். கதிரேசனுக்குக் கேட்டுவிட்டது.

மூன்று வருஷம் ஓடியது. அவனுக்குக் குறை ஒன்றே ஒன்றுதான். அவள் கூப்பிட்டாள், அவன் பதில் சொல்லவில்லை. ஒரு ‘ம்’ போதும். அது போய்ச் சேரவில்லை.

இப்போது அந்த இரண்டு ஸ்விட்சும் பழசாகிவிட்டன, மாற்ற வேண்டும். ஒன்றைப் போன வாரமே மாற்றியாயிற்று, அன்றைக்கு மற்றது. ஆணி மாற்றுகிற வேலையாக இருந்தாலும் அந்தக் கம்பெனியில் அதற்குப் பேர் வைப்பார்கள். இதற்கு வைத்த பேர் ‘மஹா சங்கமம் இரண்டாம் அத்தியாயம்’. நடத்துகிறவர் அனந்தராமன். மயிலாப்பூர்க்காரர், பதவியின் பேர் ‘முதன்மை மாற்ற நெறியாளர்’. விசிட்டிங் கார்டில் ஒரு வரியில் அடங்கவில்லை. திட்டத்தை விளக்க அவர் போட்ட ஸ்லைடுகளைப் பார்த்து முடிப்பதற்குள் இரண்டு ஸ்விட்சையும் நான்கு தடவை மாற்றியிருக்கலாம். பழைய பெட்டியை நிறுத்தும் நேரத்தைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்தார். நாலரை மணி, பிரம்ம முகூர்த்தம். அவர் ஆத்திலிருந்தே போனில் நெறிப்படுத்துவார். லைனில் இன்னும் ஏழெட்டு அதிகாரிகள். அதில் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

கதிரேசனும் அறிவும் அறைக்குள் போனார்கள்.

பதினெட்டு டிகிரி குளிர். விசிறிகளின் ஹூங்காரம். காதுக்குள்ளேயே ஒரு ரயில் நிற்காமல் போகிற மாதிரி. பழைய ஸ்விட்சின் நெற்றியில் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து பொருக்காகியிருந்தன.

வேலைக்கு முன்னால் ஒரு சம்பிரதாயம் உண்டு. இந்த இயந்திரங்கள் பயந்த சுபாவம். ஒரு கேபிளைத் தொட்டால் போதும், ‘ஆளைக் காணோம், ஆளைக் காணோம்’ என்று ஆபீஸ் முழுக்க எல்லார் போனுக்கும் அலறும். அதனால் முதலிலேயே ஒரு செய்தி அனுப்பிவிட வேண்டும்: பராமரிப்பு வேலை நடக்கிறது, இத்தனை மணி நேரத்துக்குப் பதற வேண்டாம். எத்தனை மணி நேரம் என்று கட்டாயம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் செய்தி போகாது. எழுபத்திரண்டு வரைக்கும்தான் ஏற்றுக்கொள்ளும். அந்த நேரம் தீர்ந்தும் ‘வேலை முடிந்தது’ என்று சொல்லவில்லையானால்... மறுபடியும் தேட ஆரம்பித்துவிடும்.

கதிரேசன் நான்கு இயந்திரங்களுக்கும் எட்டு மணி நேரம் என்று போட்டான். இனி அலாரம் அலறாது.

அடுத்த வேலை, கேபிள்களுக்குச் சீட்டு ஒட்டுவது. ஒவ்வொரு கேபிளையும் கையால் தடவிக்கொண்டே போய், இரண்டு முனையிலும் ஒரே எண்ணை ஒட்ட வேண்டும். கதிரேசன் ஸ்விட்சுக்கு முன்னால். அறிவு இயந்திரங்களுக்குப் பின்னால். எல்லாம் அன்புக்கரசி போட்ட கேபிள்கள். ஒன்றுகூட ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்காது. படிய வாரிய தலைமுடி போல இறங்கும். அதைத்தான் இரண்டு பேரும் தடவிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்று மிச்சம் வந்தது. பதினேழாம் போர்ட்.

கதிரேசனுக்கு அது தெரியும். ஐந்தாவது இயந்திரம் வாங்கப்போகிறோம் என்று கம்பெனி சொன்னபோது, வரட்டும், தயாராக இருக்கட்டும் என்று அவள் போட்டு வைத்த கேபிள். பிள்ளையாருக்கு ஏசி வந்ததில் ஐந்தாவது இயந்திரம் வரவில்லை. அந்தக் கேபிளின் மறுமுனை தரைக்கு அடியில் சும்மா கிடக்கிறது. விளக்கு எரிய நியாயமே இல்லை.

எரிந்துகொண்டிருந்தது. பச்சை. படபடவென்று... துடித்துக்கொண்டிருந்தது.

அந்த அறையின் தரை பொய்த்தரை. சதுரம் சதுரமாகப் பலகைகள். அடியில் முழங்கால் ஆழத்துக்குக் காலி இடம். அறிவு ரப்பர் கைப்பிடியை ஒட்டவைத்து ஒரு பலகையைத் தூக்கினான். குளிர்காற்று முகத்தில் அடித்தது. கையை விட்டுத் துழாவி, முனையை வெளியே எடுத்தான். தூசி படாமல் இருக்க அவள் மாட்டிய பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது.

“மாமா. இத்தப் பாரு. எதுலயும் சொருவல.”

“அப்போ பதினேழு ஏன் எரியுது?”

“என்னக் கேட்டா? நான் கேபிள்காரன். பேசுறது யாரு, எங்கேந்துன்னு நீதான் பாக்கணும்.”

அப்போதுதான் வாடை வந்தது. கோடாலித் தைலம். அந்தக் குளிரில் அவளுக்கு மண்டையிடி வரும். இரண்டு பொட்டிலும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வாள். கதிரேசன், அறிவு தேய்த்திருக்கிறான் என்று நினைத்தான். அறிவு, மாமா தேய்த்திருக்கிறார் என்று நினைத்தான். ஒருவரை ஒருவர் முகர்ந்து பார்த்துக்கொள்ளத் தைரியம் இல்லை.

கதிரேசன் திரையில் பதினேழாம் போர்ட்டின் கணக்கைத் திறந்தான். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று ஸ்விட்ச் எண்ணி வைத்திருக்கும். வந்தது: ஒரு நீள எண். பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தது. போனது: பூஜ்யம். பட்டியலில் இல்லாத போர்ட்டுக்கு ஸ்விட்ச் பதில் பேசாது. அது கம்பெனிப் பாதுகாப்பு விதி.

அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு வந்துகொண்டே இருந்திருக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு ‘ம்’ போகவில்லை.

“எப்பலேந்து மாமா வருது?”

கதிரேசன் தேதியைப் பார்த்தான். மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்த விடியற்காலை. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அறிவுக்குப் புரிந்தது. கேபிள் முனையைக் கீழே வைக்கத் தெரியாமல், உள்ளங்கையில் குருவிக்குஞ்சை வைத்திருப்பவன் மாதிரி நின்றான்.

ஸ்பீக்கர் கரகரத்தது. அனந்தராமன்.

“கதிரேசன், லேபிள்லாம் ஒட்டியாச்சா? முகூர்த்தம் நெருங்கிண்டிருக்கு.”

“ஒரு கேபிள் லிஸ்ட்ல இல்ல சார். ஆனா விளக்கு எரியுது.”

“எங்க போறது அது?”

“எங்கயும் போகல சார்.”

கொஞ்ச நேரம் குறட்டை மட்டும் கேட்டது.

“அப்ப பிடுங்கிடுங்கோ. எங்கயும் போகாததை வெச்சுண்டு என்ன பண்றது? அறுபத்தோராம் ஸ்லைடுலயே சொல்லியிருக்கேனே. தெரியாதது எதையும் புதுசுக்குக் கொண்டுபோகப்படாது.”

கதிரேசன் தன் பக்கத்து மைக்கை மட்டும் அணைத்துவிட்டு எழுந்தான். அந்தக் கேபிளைக் கழற்றி, பக்கத்தில் தயாராகப் பொருத்தியிருந்த புது ஸ்விட்சில் மாட்டினான். இருட்டு. வேறு போர்ட்டில் மாட்டினான். இருட்டு. பழையதில் மறுபடி மாட்டினான்... பச்சை. முன்னைவிட வேகமாகத் துடித்தது. நடுவில் கை விட்டுப்போன குழந்தை, மறுபடி கையைப் பிடித்தவுடன் அழுமே, அப்படி.

புதியதில் அவள் இல்லை. பழையது நாலரைக்கு நிற்கும். விடிந்ததும் காயலான் வண்டி வரும். பெட்டியை நசுக்கி, நசுக்கியதற்கு ஒரு சான்றிதழும் கொடுப்பார்கள்.

“மாமா, எதுனா சொல்லு மாமா அதுகிட்ட,” என்றான் அறிவு. அழுதுகொண்டிருந்தான். “நீ கீறேன்னாவது சொல்லு.”

கதிரேசன் பதினேழின் பூட்டைத் திறந்துவிட்டான். வழி திறந்தது. ஆனால் அந்த வழியில் அனுப்ப, இயந்திரத்துக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் தெரியும். முதலில் நான்கிற்கும் அனுப்பிய அதே வாக்கியம். பராமரிப்பு வேலை நடக்கிறது. பதற வேண்டாம். எத்தனை மணி நேரம்?

எத்தனை மணி நேரம்?

கட்டத்துக்குள் ஒரு கோடு விட்டு விட்டு மின்னியது. கதிரேசன் ஒன்று என்று அடித்தான். அழித்தான். எட்டு என்று அடித்தான். அழித்தான்.

“நெறையா போடு மாமா.”

எழுபத்திரண்டு என்று அடித்தான். அதற்கு மேல் அது ஏற்றுக்கொள்ளாது.

“அது முடிஞ்சா?”

“முடியட்டும். அப்ப பாத்துக்கலாம்.”

அனுப்பினான். போனது என்ற இடத்தில் பூஜ்யம் ஒன்றாயிற்று.

விளக்கின் துடிப்பு நின்றது. அணையவில்லை. நிதானமாக, அசையாமல், பச்சையாக எரிந்தது. வந்தது என்ற இடத்தில் ஏறிக்கொண்டே இருந்த எண்ணும் நின்றுவிட்டது. ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஒருத்தி, பதில் கிடைத்ததும் வாயை மூடிக்கொண்டு காது கொடுத்தால் எப்படி இருக்கும்... அப்படி. அறையில் விசிறிச் சத்தம்கூடக் கொஞ்சம் குறைந்ததாக அறிவு இன்றைக்கும் சொல்கிறான்.

மற்றக் கேபிள்களையெல்லாம் இரண்டு பேருமாகப் புது ஸ்விட்சுக்கு மாற்றினார்கள். நாலரைக்கு ஸ்பீக்கரில் அனந்தராமன் ஏதோ சுலோகம் சொன்னார். கதிரேசன் பதினேழாம் போர்ட்டின் குட்டிக் கொக்கியில் விரலை வைத்தான். அறிவு, “நான் எடுக்கட்டா மாமா?” என்றான். கதிரேசன் தலையை ஆட்டி மறுத்தான்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். தரைக்கடியில் இருந்த முழுக் கேபிளையும் உருவி, வளையமாகச் சுற்றி, தன் பையில் வைத்துக்கொண்டான். கம்பெனிச் சொத்தைத் திருடினான் என்றும் சொல்லலாம். அதன்பின் பெட்டியை நிறுத்தினான்.

அன்றைக்குச் சாயங்காலம் பாராட்டு விழா. அனந்தராமன் கதிரேசனுக்குப் பொன்னாடை போர்த்தினார். “இவ்வளவு பெரிய மாற்றம் நடந்திருக்கு. ஒருத்தருக்குக்கூட, ஒரு நொடிகூட, தொடர்பு அறுந்துபோகலை” என்று மைக்கில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். கதிரேசனும் தட்டினான். அறிவு கான்ட்ராக்ட் ஆள் என்பதால் போட்டோவில் இல்லை.

எழுபத்திரண்டு மணி நேரம் என்றால் மூன்று நாள்.

மூன்றாம் ராத்திரி கதிரேசன் மந்தைவெளியில் தன் வீட்டைப் பெருக்கித் துடைத்தான். அவள் குரங்குக் குல்லாயைத் துவைத்து உலர்த்தி மடித்து வைத்தான். கேபிள் வளையத்தை மேஜைமேல் வைத்தான். யாரும் கூப்பிட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று போனை அணைத்தான். வாசற்கதவை அகலத் திறந்து வைத்து, இரண்டு டம்ளரில் டீ ஊற்றி, கதவுக்கு எதிரில் உட்கார்ந்தான்.

குறித்த நேரம் வந்தது. தாண்டியது. தெருநாய் ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. டீயில் ஏடு கட்டியது. நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. பால்காரர் பாக்கெட்டை வைத்துவிட்டு, “இன்னா சார், கதவத் தொறந்து போட்டுக்கினு கீறீங்க?” என்று கேட்டார்.

அவள் வரவில்லை.

விடிந்த பிறகு போனை உயிர்ப்பித்தான். அது கையில் அதிர ஆரம்பித்தது... நிற்கவே இல்லை. ஆபீஸ் அலாரம். குறித்த அந்த நேரத்தில் தொடங்கி, விடிகிற வரைக்கும், திரை கொள்ளாமல் ஒரே வரி. உறுப்பினர் ஒருவரைக் காணவில்லை. உறுப்பினர் ஒருவரைக் காணவில்லை. உறுப்பினர் ஒருவரைக் காணவில்லை. நடுவில் அனந்தராமன், ‘சோதனை ஓட்டம், பொருட்படுத்த வேண்டாம்’ என்று ஒரு கும்பிடு போட்டிருந்தார்.

அலறலின் கடைசி வரி வந்து இரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

அதற்குக் கீழே அறிவின் குரல் பதிவு. “மாமா. நீ எங்க கீற? ஆபீசுக்கு வா மாமா.”

பைக்கை உதைக்கும்போதுதான் கதிரேசனுக்கு உறைத்தது. அன்புக்கரசி இருந்தவரை அவர்கள் குடியிருந்தது பட்டினப்பாக்கத்தில். மந்தைவெளி வீட்டுக்கு அவன் வந்தது அவள் போன பிறகு. இந்த வீட்டை அவள் பார்த்ததே இல்லை. அவளுக்கு அவன் இருக்குமிடம் என்று தெரிந்தது, அவன் கடைசியாகப் பதில் சொன்ன இடம் ஒன்றுதான்.

சர்வர் அறையில் பொய்த்தரை முழுக்கத் தூக்கப்பட்டிருந்தது. ஒரு பலகை பாக்கியில்லை. எல்லாம் சுவர் ஓரமாக, மூலை பிசகாமல் அடுக்கியிருந்தது. அடியில் இருந்த கேபிள்கள் ஒவ்வொன்றாக ஒதுக்கி விலக்கப்பட்டிருந்தன. எதையோ தொலைத்தவர் தேடின மாதிரி. ஒன்றுகூடக் கழன்றிருக்கவில்லை. கோடாலித் தைலத்தின் காரம் கண்ணைக் கரித்தது.

பின்னால் அனந்தராமன் எழுதிய அறிக்கையில் காரணம், ‘பெருச்சாளி’ என்றிருக்கிறது. கேமரா அந்த வாரம் மேம்படுத்தலில் இருந்ததாம்.

தரையே இல்லாத அந்த அறையில் இரும்புச் சட்டங்கள்மேல் கால் வைத்துக் கதிரேசன் உள்ளே போனான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான்கு பலகைகளைத் திரும்பப் போட்டிருந்தது. அதன்மேல் அவனுடைய நாற்காலி. வாசற்கதவைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது. அதன் உயரம் கீழே இறக்கப்பட்டிருந்தது... குள்ளமான ஒருத்தி உட்கார்ந்தால் கால் தரையில் பாவுகிற அளவுக்கு.

கதிரேசன் குனிந்து, இருக்கையில் உள்ளங்கையை வைத்தான். பிறகு அறிவின் கையையும் இழுத்துப் பக்கத்தில் வைத்தான்.

பதினெட்டு டிகிரிக் குளிர். இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது.

இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை. அந்தக் கைகளுக்கு அடியிலேயே, கொஞ்சம் கொஞ்சமாக... அது ஆறிக்கொண்டிருந்தது.